தரகும் தருகும்: மும்மொழி எல்லையில் ஒரு வணிகச் சொல்லின் வரலாறு

1. முன்னுரை

ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில், தென்மேற்கு மூலையில், குப்பத்தை அடுத்து அமைந்துள்ளது குடுபல்லி. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூரு செல்லும் இருப்புப்பாதையில், மல்லானூர், குப்பம் ஆகிய நிலையங்களைக் கடந்தபின் வருவது இவ்வூரின் நிலையம். ஒருபுறம் தமிழ்நாடும் மறுபுறம் கருநாடகமும் நெருங்கி நிற்க, தெலுங்கு, தமிழ், கன்னடம் என்னும் மூன்று மொழிகளும் நாள்தோறும் கலந்து வழங்கும் நிலப்பகுதி இது. 1911 ஆம் ஆண்டு சித்தூர் மாவட்டம் உருவாகும் வரை வடஆர்க்காடு மாவட்டத்தின் கங்குந்தி சமீன் பகுதியாகவும், 1953 வரை சென்னை மாகாணத்தின் பகுதியாகவும் இருந்தமையால், இங்குள்ள வணிக வழக்கில் தமிழ்ச் சொற்கள் ஆழ வேரூன்றியுள்ளன. திராவிட மொழிகளை ஒருங்கே ஆராய்வதற்கென 1997 இல் நிறுவப்பட்ட திராவிடப் பல்கலைக்கழகம் குப்பத்தில் அமைந்ததும் இம்மொழிச் சூழலை நோக்கியே ஆகும்.

இத்தகைய எல்லைப்புறச் சந்தையில் விளைபொருளை விற்கும் உழவர் ஒருவரின் கைக்கு வரும் தொகை, பேசிய விலையைக் காட்டிலும் எப்போதும் குறைவாகவே இருக்கும். அக்குறைவுக்குப் பல பெயர்கள் உள்ளன. தமிழ் பேசுவோர் தரகு என்பர்; கன்னடம் பேசுவோர் தல்லாளி என்பர்; தெலுங்கு பேசுவோர் தருகு என்பர்; மூவரும் ஒருங்கே கமிஷன் என்பர். இவை நான்கும் ஒரே பொருளைச் சுட்டும் வேற்றுமொழிப் பெயர்கள் எனத் தோன்றும். ஆயின் அவ்வாறன்று. அவற்றுள் ஒன்று தொழிலுக்குரிய கூலி. ஒன்று எடையில் செய்யும் பிடித்தம். ஒன்று ஆளையும் கூலியையும் ஒருசேரக் குறிப்பது. இவ்வேறுபாடு மறையும் இடத்தில், எதற்காகத் தன் பணம் குறைந்தது என்பதை உழவர் அறியும் வாயிலும் மறைந்துவிடுகிறது.

தரகு என்னும் சொல்லின் பொருளும் ஆட்சியும் காலந்தோறும் எவ்வாறு மாறிவந்துள்ளன என்பதையும், அம்மாற்றம் மொழிபெயர்ப்பாளர்க்கு விடுக்கும் சிக்கலையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

2. சாசனங்களிலும் அகராதிகளிலும் தரகு

தரகு என்பது பிற்காலத்தில் தோன்றிய சொல்லன்று. பல்லவர் செப்பேடுகளில் ஊரார் அரசுக்குச் செலுத்த வேண்டிய இறைகளும் காணங்களும் அடுக்கிச் சொல்லப்படும் பகுதியில் தரகு இடம்பெறுகின்றது. முதலாம் இராசராசனின் 21 ஆம் ஆட்சியாண்டில் (1006), நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்திற்கு ஆனைமங்கலம் கொடுக்கப்பட்டதைக் கூறும் செப்பேட்டிலும், தறிப்புடவை, தட்டார்பாட்டம், இடைப்பாட்டம், உல்கு, ஓடக்கூலி முதலிய வருவாய்களுடன் தரகு எண்ணப்படுகின்றது. தரகர் பெற்ற கூலியிலிருந்து அரசு கொண்ட பங்கே இங்குத் தரகு எனப்பட்டது என்பது வரலாற்றறிஞர் கொண்ட விளக்கம்.

இவ்வாட்சி இரு செய்திகளைப் புலப்படுத்துகின்றது. ஒன்று, தரகு என்பது ஊரறிந்த தொழிலாக, நெசவு, பொன்வேலை, ஆநிரை வளர்ப்பு ஆகியவற்றோடு ஒத்த வரிசையில் வைத்து எண்ணப்பட்டது. மற்றொன்று, வரி விதிக்கப்பட வேண்டுமாயின் வருவாய் வெளிப்படையாக இருத்தல் வேண்டும்; மறைவாகப் பெறும் பொருளுக்கு வரி விதிக்க இயலாது. எனவே சாசனக் காலத் தரகு, அளவும் பெயரும் உடைய, மறைக்கப்படாத கூலியாக இருந்தது எனக் கொள்ளலாம். பின்னர் இச்சொல் அடைந்த இழிவின் சாயல் எதுவும் சாசன வழக்கில் இல்லை.

சொற்பிறப்பு நோக்கில், தரகு என்பதைத் தா, தரு என்னும் வினையடியோடு இயைத்துக் காண்பதுண்டு. தரவு என்பது கொண்டுவருதலையும் கொடுத்தலையும் குறிப்பது போல, தரகு என்பதும் வாங்குவோரிடம் விற்போரையும், விற்போரிடம் வாங்குவோரையும் கொண்டுசேர்க்கும் செயலைக் குறித்தது என்பது இக்கொள்கையின் சாரம். பொருட்பொருத்தம் உடைய விளக்கம் இது. ஆங்கிலத்தில் வழங்கும் புரோக்கர் என்னும் சொல், மதுப்பீப்பாயைத் துளையிட்டுத் திறந்து சில்லறையாக விற்போரைக் குறித்த பழம் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. அரபியில் தல்லால் என்பது வழிகாட்டுதல், சுட்டிக்காட்டுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. ஆக, ஒரே தொழிலைத் தமிழ் கொண்டுசேர்ப்பதாகவும், அரபி வழிகாட்டுவதாகவும், ஆங்கிலம் திறந்து விற்பதாகவும் நோக்கியுள்ளன.

வின்சுலோவின் அகராதியும் (1862) சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் (1924-1936) தரகு என்பதற்குத் தரகர் பெறும் கூலி என்னும் பொருளையே முதன்மையாகக் கொள்கின்றன. கூலியின் பெயர் அஃறிணையாக நிற்க, அதனோடு அன், அர், காரர் என்னும் ஈறுகள் சேர்ந்து ஆளின் பெயர் அமைகின்றது. இவ்வமைப்பைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். கூலியின் பெயரும் ஆளின் பெயரும் பின்னர் வெவ்வேறு வழியிற் சென்றன.

3. எல்லைச் சந்தையின் சொற்கள்

3.1 தல்லாளி, தளாரி

அரபித் தல்லால், பாரசீகம், உருது வழியாகத் தென்மொழிகள் அனைத்திலும் புகுந்துள்ளது. கன்னடத்தில் தல்லாளி, தெலுங்கில் தளாரி, மலையாளத்தில் தல்லாள், தமிழ்ப் பேச்சு வழக்கில் தல்லாளி என இது வழங்குகின்றது. 1886 இல் வெளிவந்த ஆப்சன்-சாப்சன் அகராதி, கிழக்கிந்தியக் கும்பினியாரின் வழக்கிலும் இச்சொல் இருந்தமையைப் பதிவு செய்துள்ளது.

இச்சொல்லின் உருமாற்றம் ஒலியியல் நோக்கிலும் உருபனியல் நோக்கிலும் சுவையுடையது. இந்தியில் தலால் என்பது ஆள். தலாலீ என்பது அவர் தொழிலும் கூலியும். ஈற்று ஈகாரம் அங்குத் தொழிற்பெயர் விகுதி. ஆனால் தென்மொழிகளில் முதலாளி, தொழிலாளி, உழைப்பாளி போன்ற சொற்களில் வரும் ஆளி என்னும் விகுதி ஆளையே உணர்த்துவது. எனவே கூலியைச் சுட்டி வந்த வடிவம், தென்னாட்டுச் செவிக்கு ஆளைச் சுட்டுவதாக ஒலித்தது. தல்லாளி என்பது கன்னடத்தில் தரகரையும் தரகையும் ஒருங்கே குறிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். தெலுங்கிலோ இரு லகரங்கள் அடுத்தடுத்து வருவதைத் தவிர்க்கும் வேற்றுமையாக்கத்தால் தளாரி என்னும் வடிவம் அமைந்தது. அது ஆளையே குறிக்கின்றது.

3.2 தருகு

இவ்வெல்லைப் பகுதியில் மொழிபெயர்ப்பாளரைப் பெரிதும் இடறச் செய்யும் சொல் தெலுங்குத் தருகு ஆகும். தருகு என்னும் தெலுங்கு வினை குறைதலை உணர்த்தும். பெயராக நிற்கும்போது குறைவு, பிடித்தம் என்று பொருள்படும். ஆந்திரச் சந்தைகளில் ஈரம், தூசு, அழுகல், சாக்கின் எடை ஆகியவற்றைக் காரணங்காட்டி, வாங்குவோர் எடையில் கழித்துக்கொள்ளும் அளவே தருகு. நெல் விற்பனையிலும் தக்காளி விற்பனையிலும் இச்சொல் நாள்தோறும் ஒலிப்பது. உழவர் கூட்டங்களில் முறையீட்டுக்குரிய சொல்லாகவும் நிலைபெற்றுவிட்டது.

தரகு, தருகு ஆகிய இரண்டும் இடையுயிர் ஒன்றினால் மட்டுமே வேறுபடுவன. விரைந்த பேச்சில் அவ்வுயிர் தெளிவாக ஒலிப்பதில்லை. இரண்டும் சந்தையில் வழங்குவன. இரண்டும் உழவரின் வரவிலிருந்து கழிவன. எனவே தமிழ் உழவர் ஒருவர் தருகு எனக் கேட்டதைத் தரகு எனக் கொள்ளுதல் இயல்பே. ஆனால் இவை கழிக்கப்படும் இடம் வேறு. தரகு பணத்தில் கழிவது. தருகு எடையில் கழிவது. தரகு செய்த வேலைக்குரியது. தருகு பொருளின் தரம் பற்றிய ஒருதலைத் தீர்ப்பு. இவ்விரண்டும் ஒரே விற்பனையில் அடுத்தடுத்துக் கழிக்கப்படும்போது, குறைந்த எடைக்குக் கணக்கிட்ட தொகையிலிருந்து மீண்டும் தரகு குறைக்கப்படுகின்றது. நூறு கிலோ பொருளுக்கு ஐந்து கிலோ தருகும், நூற்றுக்கு நான்கு தரகும் எனக் கொண்டால், கிலோ பத்து ரூபாய் விலையில் உழவர் பெறுவது 1000 ரூபாயன்று, 912 ரூபாயே. இக்கணக்கில் 50 ரூபாய் தருகினால் இழந்தது. 38 ரூபாய் தரகாகக் கொடுத்தது. இரண்டையும் ஒரே பெயரால் வழங்கினால், பெரிய இழப்பு சிறிய கூலியின் பெயருக்குள் ஒளிந்துகொள்ளும்.

3.3 கழிவு

தருகு என்பதற்குத் தமிழில் எடைக் கழிவு என்று கூறலாம். ஆயின் கழிவு என்னும் சொல்லிலும் சிக்கல் உண்டு. தமிழ்நாட்டுக் கணக்கியல் பாடநூல்களில் கமிஷன் என்பதைக் கழிவு என்றும், விலைக்குறைப்பைத் தள்ளுபடி என்றும் வழங்குவது பெருவழக்கு. இலங்கைத் தமிழ்க் கணக்கியலிலோ கமிஷன் என்பது தரகு எனவும், விலைக்குறைப்பு என்பது கழிவு எனவும் வழங்கப்படுகின்றன. பெற்ற கழிவு என்னும் ஒரே தொடரைக் கண்டு சென்னையில் பயின்றவர் ஊதியம் என்பார். யாழ்ப்பாணத்தில் பயின்றவர் விலைச்சலுகை என்பார். ஒரே மொழிக்குள்ளேயே கடல் ஒன்று குறுக்கிட்டமையால் நேர்ந்த பொருள்வேறுபாடு இது.

3.4 மத்தியவர்த்தி, மத்தியஸ்தர்

தெலுங்கிலும் கன்னடத்திலும் மத்தியவர்த்தி என்பது இடைநின்று வணிகம் முடிப்பவரையும் குறிக்கும். தமிழில் அதனோடு ஒத்த வடமொழி வடிவமாகிய மத்தியஸ்தர் என்பது வழக்குத் தீர்க்கும் நடுவரையே பெரும்பாலும் குறிக்கும். ஒருவர் கூலி பெற்று முடித்துவைப்பவர். மற்றவர் பக்கம் சாராது தீர்த்துவைப்பவர். எல்லைப்பகுதியில் எழுதப்படும் ஒப்பந்தங்களை மொழிபெயர்ப்போர் மத்தியவர்த்தியை மத்தியஸ்தர் ஆக்கினால், கூலி பெறும் ஒருவர்க்கு நடுவரின் தகுதியை அளித்தவராவர்.

4. துண்டின் அடியில் பேசும் மொழி

குடுபல்லி வட்டாரத்திலிருந்து எட்டும் தொலைவிலுள்ள குந்தாரப்பள்ளியின் வெள்ளிக்கிழமைச் சந்தை, போச்சம்பள்ளியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை ஆகியன கிருட்டிணகிரி மாவட்டத்தில் பெயர் பெற்றவை. இத்தகைய தென்னாட்டுச் சந்தைகளில், சிறப்பாக மாட்டுச் சந்தைகளில், நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு முறை, துண்டுக்குள் கைபோட்டு விலை பேசுதல். தரகர் தம் தோள்துண்டை விற்பவரின் கைமேல் போர்த்தி, அதன் அடியில் அவர் விரல்களைப் பற்றி விலையை உணர்த்துவார். பிடித்த விரல்களின் எண்ணிக்கையே தொகை. அது நூறா, ஆயிரமா என்பது மாட்டைப் பார்த்த இருவர்க்கும் தெரியும். பின்னர் அவ்வாறே வாங்குபவரின் கையைப் பற்றுவார்.

இலக்கணிகள் கூறும் குழூஉக்குறியோடு இதனை ஒப்பிடலாம். ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்குமாறு ஒரு பொருளின் பெயரை மாற்றி வழங்குதல் குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் பறி என வழங்கியமை உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு. 1909 இல் வெளிவந்த தர்சுடனின் தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுதிகளும், கோமுட்டி வணிகரிடையே மறைமொழி வழங்கியதைக் குறிப்பிடுகின்றன. ஆயின் துண்டடி மொழியில் சொல்லே இல்லை. எனவே தமிழர், தெலுங்கர், கன்னடர் மூவரும் கூடும் சந்தையில் மொழிபெயர்ப்புத் தேவையின்றியே அது செயற்படுகின்றது. மொழி அறியாதவரும் ஏமாறாமல் விலை பேச இம்முறை உதவியது. கூடிநிற்போர் விலையை அறிந்து போட்டியிடாமலும், விற்பவர் பிறர் முன் தாழ்ந்துபோகாமலும் காத்தது.

அதே நேரத்தில், விற்பவரின் விரல் சொன்ன விலையும் வாங்குபவரின் விரல் சொன்ன விலையும் தரகர் ஒருவர்க்கே தெரியும். இரண்டும் ஒன்றாயின் அவர் பெறுவது பேசிய தரகு மட்டுமே. இரண்டும் வேறாயின் இடையிலுள்ள தொகை, பெயரில்லாத வருவாயாக அவர் மடியில் தங்கும். தரகு என்னும் சொல் இழிவடைந்த வரலாற்றை விளக்க இவ்வேறுபாடு துணைசெய்கின்றது. பெயருடைய கூலியினால் எவரும் வெறுக்கப்படுவதில்லை. பெயரில்லாத வருவாய் உண்டு என்னும் ஐயமே தொழிலின் பெயரைக் கறைப்படுத்துகின்றது.

5. துபாசியும் தரகரும்

தரகர் இரு விலைகளுக்கு இடையே நிற்பவர் மட்டுமல்லர். பல வேளைகளில் இரு மொழிகளுக்கு இடையே நிற்பவரும் ஆவர். இதனை உள்நாட்டுச் சந்தையைக் காட்டிலும் தெளிவாகக் காட்டுவது ஐரோப்பியக் கும்பினிகள் தங்கிய கடற்கரை நகரங்களின் வரலாறு. சென்னையில் இப்பணியாளர் துபாசி எனப்பட்டனர். இருமொழியாளர் என்னும் பொருளுடைய துவிபாஷி என்னும் வடசொல்லின் திரிபு அது. புதுச்சேரியின் பிரெஞ்சுக்காரர் அதே பணியாளரைக் கூர்த்தியே, அதாவது தரகர், என்றனர். ஒரே ஆளை ஆங்கிலேயர் மொழியாலும் பிரெஞ்சுக்காரர் வணிகத்தாலும் பெயரிட்டனர் என்பது கருதத்தக்கது.

புதுச்சேரியின் தலைமைத் தரகராக இருந்த நைனியப்ப பிள்ளையின் வழக்கு, இவ்விரு பணிகளும் பிரிக்க முடியாதவை என்பதற்குச் சான்று. 1716 ஆம் ஆண்டு ஆளுநர் எபேரின் ஆணையால் அவர் சிறைப்படுத்தப்பட்டார். கொடுங்கோன்மை, கலகம் ஆகிய குற்றங்கள் சாட்டப்பட்டுக் கசையடியும் சிறையும் சொத்துப் பறிமுதலும் தண்டனையாக விதிக்கப்பட்டன. 1717 இல் சிறையிலேயே அவர் இறந்தார். வாழ்நாள் முழுதும் பிறர்க்காக இரு தரப்பாரிடையே பேசி முடித்த அவர், தம் வழக்கில் பிறர் மொழிபெயர்ப்பை நம்பியே நிற்க நேர்ந்தது. விசாரணைக்கு மொழிபெயர்த்தவர், அவருக்கு எதிராக நின்ற இயேசு சபையினரின் வேதியர் ஒருவரின் மகன். வாக்குமூலம் பதிவானது அவர் படித்தறியாத பிரெஞ்சு மொழியில். அவர் மக்களும் நண்பர்களும் பிரான்சுக்கு அனுப்பிய முறையீடுகளில் மொழிபெயர்ப்பின் நேர்மை முதன்மையான வினாவாக எழுந்தது. 1720 இல் தீர்ப்பு மாற்றப்பட்டு, இறந்தவரின் பெயர் குற்றம் நீங்கியது. அவர் மகன் குருவப்பர் பிரான்சு சென்று மீண்டு, அதே பதவியை ஏற்று, 1724 இல் மறைந்தார். பிற்காலத்தில் அப்பதவியை வகித்து, 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை, இவர்தம் உறவினரே.

தரகுக்கும் மொழிபெயர்ப்புக்கும் உள்ள ஒற்றுமை இவ்வழக்கில் வெளிப்படுகின்றது. இரண்டிலும், இரு தரப்பும் ஒன்றையொன்று நேரே அறிய இயலாத நிலையில், இடைநிற்பவரின் சொல்லே இருவர்க்கும் மெய்யாகின்றது. எனவே இரண்டிலும் தேவைப்படுவது திறமை மட்டுமன்று. சொன்னதைச் சொன்னவாறே மறுபக்கம் சேர்த்தமைக்குரிய சான்றும் ஆகும்.

6. இழிபொருட்பேறும் அதன் எல்லையும்

இக்கால வழக்கில் தரகர் என்னும் ஆட்பெயர் பெருமளவு இழிபொருட்பேறு எய்தியுள்ளது. தரகன் என ஒருமையில் விளித்தல் வசையாகும். அதனைத் தவிர்க்கப் புரோக்கர் என்னும் ஆங்கிலச் சொல் வந்தது. அதுவும் சில ஆண்டுகளில் அவ்விழிவையே ஏற்றது. பின்னர் ஏஜெண்ட் வந்தது. இப்போது ஆலோசகர் என்னும் சொல் அவ்விடத்தை நாடுகின்றது. தொழிலின்மீதுள்ள ஐயம் நீங்காதவரை, புதிய பெயர் ஒவ்வொன்றும் பழைய பெயரின் கறையைச் சுமப்பதே மொழியின் இயல்பு.

இவ்விழிவு சொல்லிலேயே பிறந்ததன்று என்பதற்கு மலையாளம் சான்று. அங்குத் தரகன் என்பது மதிப்புடைய குடிப்பெயராகவும் பட்டப்பெயராகவும் நிலைத்துள்ளது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மரவணிகத்திற் சிறந்து திருவிதாங்கூரின் அமைச்சராக உயர்ந்த தச்சில் மாத்து தரகன் இப்பெயர் தாங்கியவரே. அவரும் 1799 இல் வேலுத்தம்பி தலைமையில் எழுந்த கிளர்ச்சியில் பதவியிழந்தார். எனினும் அவர் குடிப்பெயர் இழிவடையவில்லை. தமிழில் தரகன் வசையாக, மலையாளத்தில் தரகன் பட்டமாக நிற்பது, ஒரு மூலச்சொல் இரு சமூகச் சூழல்களில் எதிரெதிர்த் திசையிற் செல்லக்கூடும் என்பதைக் காட்டுகின்றது.

தமிழிலும் கூலியின் பெயர் ஆளின் பெயரளவுக்குத் தாழவில்லை. தரகு என்று எழுதுவதற்கு அரசிதழும் வங்கியும் தயங்குவதில்லை. பங்குச் சந்தை வழக்கில் பங்குத் தரகர், தரகுக் கட்டணம் என்னும் தொடர்கள் எவ்வித இழிவும் இன்றி வழங்குகின்றன. 1992 இல் இந்தியப் பங்கு பரிவர்த்தனை வாரியம் பங்குத் தரகர்களுக்கு விதிமுறை வகுத்ததும், முதலீட்டாளர்க்கு அளிக்கும் ஒப்பந்தச் சீட்டில் பங்கின் விலை வேறாகவும் தரகு வேறாகவும் காட்டப்படுவதும் இதற்குத் துணைநின்றன. தரகு எழுதிக் காட்டப்படும் துறையில் அதன் பெயர் தூய்மையடைந்தது. மறைவாகப் பெறப்படும் துறையில் இழிவிலேயே நின்றது.

மொழிபெயர்ப்பின் வெற்றிக்கும் இச்சொல் ஓர் எடுத்துக்காட்டை நல்கியுள்ளது. சீனத் துறைமுகங்களில் அயல்நாட்டு வணிகர்க்காகச் செயற்பட்ட உள்நாட்டாரைப் போர்த்துக்கீசியர் வாங்குபவர் என்னும் பொருளில் காம்பிரதோர் என்றனர். மார்க்சியர் இதனை ஓர் அரசியற் கலைச்சொல்லாக்கினர். தமிழில் இதனைத் தரகு முதலாளி எனப் பெயர்த்தவர், மூலச்சொல்லின் நேர்ப்பொருளை விடுத்து அதன் செயலைப் பற்றிக்கொண்டனர். துபாசிகளின் வரலாறு அறிந்த தமிழ்ச் சமூகத்திற்கு இத்தொடர் விளக்கமின்றியே விளங்கியது.

7. சட்டத் தமிழும் இடைத்தரகரும்

செய்தித்தாள்களில் மிகுதியாக வழங்கும் இடைத்தரகர் என்னும் சொல் தனித்து நோக்கத்தக்கது. தரகர் என்றாலே இடைநிற்பவர். அதற்கு இடை என்னும் அடை மிகை. ஆங்கிலத்தின் இடையாள் என்னும் கருத்தைப் பெயர்க்கும் முயற்சியில், முன்பே இருந்த தரகரோடு இடை சேர்க்கப்பட்டது எனலாம். மிகைச்சொல் என்பது மட்டுமே குறையாயின் பெரிதன்று. மூன்று வெவ்வேறு ஆட்களை இச்சொல் ஒன்றாக்கிவிடுவதே குறை. அம்மூவர் வருமாறு:

அ. தரகர்: பொருளைத் தம் கையில் கொள்ளாது, இருவரையும் சேர்த்துவைத்துக் கூலி பெறுபவர். இழப்பு அவரைச் சாராது.

ஆ. கமிஷன் முகவர், மண்டிக்காரர்: உழவரின் பொருளைத் தம் மண்டியில் ஏற்று, அவர் சார்பில் விற்று, நூற்றுவீதம் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பவர். பல வேளைகளில் முன்பணமும் கொடுப்பவர்.

இ. வணிகர்: பொருளைத் தாமே வாங்கி, தம் பொறுப்பில் விற்று, விலை வேற்றுமையை ஊதியமாகக் கொள்பவர்.

சட்டம் இவர்களை வேறுபடுத்துகின்றது. 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், முகவர் தம் முதல்வர்க்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர் என்கிறது (பிரிவு 213). முதல்வர் அறியாமல் முகவர் தம் சொந்தக் கணக்கில் அவ்வணிகத்தைச் செய்தால், அதில் கிடைத்த பயனை முதல்வர் கோரலாம் என்றும் அது கூறுகின்றது (பிரிவு 216). துண்டின் அடியில் தங்கும் பெயரில்லாத தொகை எவருக்குரியது என்னும் வினாவுக்குச் சட்டம் தரும் விடையை இப்பிரிவில் காணலாம். வணிகரிடம் இவ்வாறு கணக்குக் கேட்க இயலாது; அவர் பொருளின் உரிமையாளர். எனவே எதிரே நிற்பவர் முகவரா, வணிகரா என்பதைப் பொறுத்தே உழவரின் உரிமை அமைகின்றது. இடைத்தரகர் என்னும் ஒரே சொல்லில் அவ்வுரிமை மங்குகின்றது.

2020 இல் இயற்றப்பட்டு 2021 இல் திரும்பப் பெறப்பட்ட வேளாண் சட்டங்கள் பற்றிய விவாதத்தின்போது இம்மயக்கம் வெளிப்பட்டது. பஞ்சாபின் அர்த்தியாக்கள் உரிமம் பெற்ற கமிஷன் முகவர்கள். அரசுக் கொள்முதலில் அவர்க்குரிய வீதம் 2.5 விழுக்காடு என வரையறுக்கப்பட்டிருந்தது. தமிழ்ச் செய்திகளில் அவர்களும் இடைத்தரகர். பதிவின்றி விலை பேசுவோரும் இடைத்தரகர். எந்நிலைப்பாட்டை மேற்கொண்டவரும் எவரைப் பற்றிப் பேசினார் என்பது சொல்லளவில் தெளிவுறவில்லை.

சட்டமே பரந்த சொல்லை விரும்பும் இடங்களும் உண்டு. 2016 ஆம் ஆண்டின் நிலமனைச் சட்டம், எப்பெயரால் அழைக்கப்பட்டாலும் தரகரும் இடையாட்களும் முகவர் என்னும் வரையறைக்குள் அடங்குவர் என்கிறது. 2017 ஆம் ஆண்டின் மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம், தரகர், கமிஷன் முகவர், அர்த்தியா, ஏலம் விடுவோர் ஆகியோரை அடுக்கிக் கூறி முகவர் என்னும் சொல்லுள் அடக்குகின்றது. பெயர் மாற்றிப் பொறுப்பைத் தவிர்ப்பதைத் தடுக்கும் நோக்கமுடையவை இவை. இத்தகைய வரையறைகளைப் பெயர்க்கும்போது அடுக்கிலுள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனித் தமிழ்ச்சொல் தருதல் கட்டாயம். இரண்டுக்கு ஒரே சொல்லை இட்டால் அடுக்கின் பயன் கெடும்.

8. முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

1. தரகு என்பது சாசனக் காலம் முதல் ஆட்சியிலுள்ள, வெளிப்படையான கூலியைக் குறித்த சொல். இழிவு என்பது அதன் மூலப்பொருளன்று.

2. கூலியின் பெயரும் ஆளின் பெயரும் வெவ்வேறு வழியில் வளர்ந்துள்ளன. கூலி எழுதிக் காட்டப்படும் துறைகளில் தரகு மதிப்புடன் வழங்குகின்றது.

3. தரகு, தருகு, கழிவு, தல்லாளி, மத்தியவர்த்தி ஆகியவை ஒலியாலோ உருவாலோ ஒத்திருப்பினும் பொருளால் வேறானவை. எல்லைப்பகுதி ஆவணங்களில் தருகு என்பதை எடைக் கழிவு என்றும், தல்லாளி என்பதை இடம் நோக்கித் தரகர் அல்லது தரகு என்றும், கமிஷன் என்பதை இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் ஒருங்கே விளங்குமாறு முகவர் கூலி என்றும் பெயர்த்தல் பொருந்தும்.

4. இடைத்தரகர் என்பதைச் சட்டத் தமிழில் தவிர்த்து, தரகர், கமிஷன் முகவர், வணிகர் என்னும் மூன்றையும் பிரித்து வழங்குதல் வேண்டும்.

ஆந்திரச் சந்தைகளில் விற்பனை முடிந்தவுடன் உழவர் கையில் தக்பட்டி என்னும் விற்பனைச் சீட்டு தரப்படுகின்றது. பொருளின் பெயர், எடை, விலை, பிடித்தங்கள், நிகரத்தொகை ஆகியன அதில் இடம்பெற வேண்டியவை. குடுபல்லியின் தமிழ் உழவர் ஒருவர் தெலுங்கில் எழுதிய அச்சீட்டைப் பிறர் படித்துச் சொல்லக் கேட்கும்போது, படித்துச் சொல்பவர் அந்நொடியில் மொழிபெயர்ப்பாளராகின்றார். தருகு என எழுதியதை அவர் தரகு எனப் படித்தால், ஐந்து கிலோப் பொருள் எங்குச் சென்றது என்னும் வினா எழாமலே போய்விடும். ஓர் உயிரெழுத்தின் வேறுபாட்டைச் செம்மையாகக் காத்தல், அச்சந்தையைப் பொறுத்தவரை, உழவரின் கூலிக்கணக்கைக் காத்தலே ஆகும்.